தச்சு வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் உண்மையில் என்ன கிடைக்கும்?

"விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர்களுக்கு 15,000 ரூபாய்க்குக் கருவிகள் இலவசம், உடனே பதியுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் தெருவில் நிலை, கதவு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அதை நம்பி, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். செய்தி பொய்யில்லை. தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு, தச்சும் அதில் ஒன்று. பயிற்சிக்குப் போனால் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய் வவுச்சர், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அதைக் கட்டியபின் 2 லட்சம் கடன். ஆனால் தமிழ்நாடு அரசு அதை இப்போதுள்ள வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் கடிதம் எழுதிவிட்டது. குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற விதியை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள், கிராமங்களில் சரிபார்க்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவருக்குப் பதில் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) கொடுங்கள் என்று கேட்டது. முதல் கோரிக்கை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உளி பிடிக்க அப்பாவும் தாத்தாவும் ஆசாரியாக இருந்திருக்க வேண்டும் என்று எந்த மரமும் கேட்பதில்லை.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம். 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கினார்கள். 25 தொழில்கள், அதில் மர வேலைப்பாடும் ஒன்று. எந்தக் குடும்பத்தில் பிறந்தவராக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், தொழிலில் 5 வருட அனுபவம் வேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் மானியம் 50,000 ரூபாயைத் தாண்டாது. வட்டியிலும் 5 சதவீதம் அரசு ஏற்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 2 லட்சம் வாங்கினால் மானியம் சரியாக 50,000. 3 லட்சம் வாங்கினாலும் அதே 50,000தான். கூடுதல் 1 லட்சம் முழுக்க நீங்கள் கட்ட வேண்டிய பணம். கையில் ஆர்டர் இருந்து மெஷின் ஓடும் என்று தெரிந்தால் எடுங்கள், "கிடைக்கிறதே" என்பதற்காக எடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன அண்ணனோடு பட்டியல் போட்டபோது, அவருக்கு உடனடியாகத் தேவைப்பட்டது மரத்தை இழைக்கும் பிளேனர் மெஷின், மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் ரவுட்டர், ஒரு நல்ல கட்டிங் மெஷின், ப்ளைவுட் அறுக்க ஒரு மேஜை, இவ்வளவுதான். வருடக்கணக்கில் இழைப்புளி தள்ளியதில் அவர் வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போய் மரம் மாதிரியே இருக்கிறது. பிளேனர் வந்தால் அந்தக் கைக்குக் கொஞ்சம் ஓய்வு.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போனால் வழிகாட்டுவார்கள். கடையில் கொட்டேஷன் (விலைப்புள்ளி) வாங்கும்போது மெஷின் பெயர், மாடல், ஜிஎஸ்டி எண் எல்லாம் தெளிவாக எழுதி வாங்குங்கள். வங்கி பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

அப்புறம் 35 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், தொழிலுக்குப் புதிதாக வர நினைப்பவர்கள். ஐடிஐயில் உட் ஒர்க் டெக்னீசியன் என்று ஒரு பிரிவு இருக்கிறது, பழைய பெயர் கார்பென்டர். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், ஒரு வருடப் படிப்பு. ஆண்கள் 14 முதல் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது இல்லை. அரசு ஐடிஐயில் படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு கிடையாது, அதனால் சேர்க்கை சமயத்தில் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு மேஸ்திரியிடம் கையாளாகப் போய்த்தான் கற்பேன் என்றாலும் தவறில்லை, பெரும்பாலானோர் வந்த வழி அதுதான். ஆனால் அந்த வழியில் கையில் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது. அதனால் 18 வயது ஆனதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். கட்டட வேலைக்குப் போகும் தச்சர்களும் அதில் சேரலாம், 60 வயது வரை பதியலாம், கட்டணம் இல்லை. விபத்து, பிள்ளைகள் படிப்பு, திருமணம், 60க்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. அதைவிட, நீங்கள் எத்தனை வருடமாகத் தச்சர் என்பதற்கு அந்த அட்டையில் ஒரு தேதி இருக்கும். நாளைக்கு 5 வருட அனுபவத்துக்கு ஆதாரம் கேட்கும்போது அதை எடுத்து நீட்டலாம்.

பட்டறை போட நினைக்கும் இளைஞர்கள், 35 வரை காத்திருக்க வேண்டாம். வேலையற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி திட்டத்திலும் 25 சதவீத மானியம் இருக்கிறது, அதையும் அதே மாவட்டத் தொழில் மையத்தில்தான் கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பு சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போங்கள்.