கணினியின் இயங்குதளத்தை எப்போது மாற்ற வேண்டும்?

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மாணவி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அன்று காலை பத்து மணிக்கு அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். முந்தைய இரவு திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்து, இயங்குதளத்தின், அதாவது கணினியை இயக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளின், புதிய பதிப்புக்கு மாறச் சம்மதம் கொடுத்துவிட்டார். வன்தட்டில் இடம் போதவில்லை. பாதி வழியில் சிக்கிய கணினி அணைவதும் எழுவதுமாக இருந்தது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தி, ஆய்வேட்டுக் கோப்பை எடுத்துக் கொடுத்தபோது மணி எட்டரை. அவர் தப்பித்தார்.

அதே ஆண்டு என்னிடம் வந்த இன்னொருவர் தப்பிக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல ஆண்டுகளான இயங்குதளத்தை, நன்றாகத்தானே ஓடுகிறது என்று அப்படியே வைத்திருந்தார். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து, மகள் பிறந்த நாள் முதல் சேர்த்த படங்கள் அத்தனையையும் பூட்டிவிட்டது. வேறெங்கும் பிரதி இல்லை. ஒரு படத்தைக்கூட என்னால் மீட்க முடியவில்லை. அவர் கணினியை எடுத்துக்கொண்டு எழுந்துபோன முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த முகம்தான்.

ஒருவர் அவசரப்பட்டார், மற்றவர் தள்ளிப்போட்டார். ஆனால் இருவர் கதையும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. எந்த நாளில் மாறுவது என்பதை அவர்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவே இல்லை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். புதுப்பிப்பு என்பது இருக்கும் பதிப்புக்கே வரும் திருத்தம். விண்டோஸுக்கு இது பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளிவரும். மேம்படுத்தல் என்பது விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போவது போல ஒரு பதிப்பை விட்டு அடுத்ததற்கு மாறுவது. முதலாவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவதற்கு நாள் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'எதுவும் மாறக்கூடாது' என்று எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுத்தி வைத்திருக்கும் கணினிகள் வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன.

எதை வைத்து நாள் பார்ப்பது? புதிய பதிப்பு வெளியான தேதியை வைத்து அல்ல. உங்களிடம் இருக்கும் பதிப்புக்குப் பாதுகாப்பு ஆதரவு முடியும் தேதியை வைத்துத்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். அது மாறுவதற்குக் கிடைத்த அவகாசம், அவ்வளவே. மேக் கணினிகளுக்கு ஆப்பிள் இப்படி முன்கூட்டியே தேதி சொல்வதில்லை. நடப்பில் இருக்கும் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் வழக்கமாகத் திருத்தங்கள் வருகின்றன. லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள்.

ஆதரவு முடிந்த மறுநாள் கணினியில் எதுவும் மாறுவதில்லை. நேற்றுப் போலவே எழும், பாட்டுப் பாடும், கடிதம் அடிக்கும். ஏமாற்றுவது இந்த அமைதிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பெரும்பகுதி ஒரே நிரலிலிருந்து வளர்ந்தவை. புதியதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படும்போது, திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பது விளங்கிவிடும். அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால், அங்கே அடைக்க ஆளில்லை. மாதந்தோறும் வெளிவரும் திருத்தங்களே பழைய கணினிகளைத் தாக்குவோருக்கு வழிகாட்டி ஆகிவிடுகின்றன. அதனால் ஆபத்து நாளுக்கு நாள் கூடுமே தவிரக் குறையாது.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறது. வாசலில் காவலாளி நிற்கும்போதே பின்சுவரில் கன்னம் வைத்து உள்ளே வருபவனை அவன் எப்படித் தடுப்பான்?

2017 மே 12 அன்று தொடங்கிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் தாக்குதல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாயின. யாரும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. வலையமைப்பில் இருந்த ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அதுவாகவே தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் இருந்தது. நிறுவாமல் விட்டதுதான் குறை.

அப்படியென்றால் புதிய பதிப்பு வந்த அன்றே மாறிவிடலாமா? வேண்டாம். 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் அடுத்த பதிப்பு, சில பயனாளர்களின் ஆவணக் கோப்புறைகளில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. முதல் வாரத்தில் நிறுவியவர்களுக்குத்தான் அந்த இழப்பு. உபுண்டு இந்த விஷயத்தில் நிதானமாக நடந்துகொள்கிறது. ஏப்ரலில் நீண்டகாலப் பதிப்பு வெளியானாலும், முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே மாறும் அழைப்பை அனுப்புகிறது. நான் கேட்பவர்களிடம் சொல்வது இதுதான்: வெளியாகி ஆறு மாதமாவது போகட்டும், பழையதன் ஆதரவு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே மாறிவிடுங்கள். நடுவில் இருக்கும் காலம் முழுவதும் உங்களுடையது. உங்கள் பதிப்பின் ஆதரவு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. பிரதி எடுத்த கையோடு மாறுங்கள்.

கணினி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் போதும் என்று அறிவிப்பு சொல்கிறது. 4 ஜிபியில் அது நிறுவப்படும், ஆனால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் நான் மாற்றித் தருவதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவை. 'உங்கள் கணினி தகுதியற்றது' என்ற செய்தியைப் பார்த்துப் புதுக் கணினி வாங்கக் கிளம்பியவர்கள் சிலரை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். அவர்களுடைய கணினியில் அந்த வசதி இருந்தது, கணினி எழும்போதே முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் பிராசசரே பழையது என்றால் வழியில்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை அநேகமாக எல்லாமே பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. குறுக்கு வழியில் நிறுவலாம் என்று காட்டும் காணொளிகளை நம்பி வீட்டின் ஒரே கணினியைப் பணயம் வைக்காதீர்கள். அத்தகைய கணினிக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை நல்ல மறுவாழ்வு தரும். இணையம், கடிதம், படம் பார்ப்பது என்ற அளவில் பயன்படுத்துபவர்களுக்கு அவை தாராளமாகப் போதும்.

கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இயங்குதளத்தை மாற்றக் கேட்பவர்களும் உண்டு. புதிய பதிப்பு பழைய கணினியை வேகப்படுத்தாது. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டால் வேகம் வரும்.

துணைக் கருவிகளை மறந்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக மாற்றிக் கொடுத்தேன். அவருடைய பழைய ஸ்கேனருக்குப் புதிய பதிப்பில் டிரைவர், அதாவது அதைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள், கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பே கேட்டிருக்க வேண்டியது என் கடமை. அதன் பிறகு, வீட்டில் கணினியோடு இணையும் ஒவ்வொரு பொருளையும் காகிதத்தில் எழுதி வரச் சொல்கிறேன். மென்பொருள்களுக்கும் இதே சோதனை வேண்டும். 2019-இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா, பழைய வகையான 32 பிட் மென்பொருள்களை அறவே ஓடவிடாமல் செய்தது. பழைய கணக்கு மென்பொருளையோ படம் திருத்தும் மென்பொருளையோ நம்பியிருந்தவர்கள் அன்று திகைத்து நின்றார்கள்.

இனி, தேர்ந்தெடுத்த நாளுக்கு முன்னால் செய்ய வேண்டியது. கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று எண்ணுவதில்லை. வெற்றுக் கோப்புறையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டேன். பிறகு அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து பிரித்து வையுங்கள். விண்டோஸில், சாவி இல்லாமல் வன்தட்டைப் படிக்க முடியாதபடி செய்யும் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் கைவைத்த பிறகோ மேம்படுத்திய பிறகோ கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். அப்போது அது கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே பூட்டு. வன்தட்டில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மடிக்கணினி என்றால் மின் இணைப்பிலேயே இருக்கட்டும். தேர்வு, கணக்கு முடிப்பு, பயணம் எதுவும் அருகில் இல்லாத, முழுப் பகலும் கையில் இருக்கும் ஒரு நாளைக் குறியுங்கள்.

மாறிய பிறகு, விண்டோஸ் 11-இல் பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாட்கள் அவகாசம் உண்டு. அந்தப் பத்து நாட்களில் பிரிண்டர், ஸ்கேனர், கேமரா, ஒலிவாங்கி, நீங்கள் அன்றாடம் திறக்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒருமுறையாவது இயக்கிப் பாருங்கள். வட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று முந்தைய நிறுவலின் கோப்புகளை அதற்குள் அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைந்துவிடும். திரும்பும்போது, இடையில் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும் என்பதால் அந்த நாட்களில் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். ஆய்வேட்டைக் காப்பாற்றிக்கொண்ட அந்த மாணவி சென்ற மாதம் மீண்டும் அழைத்தார். வேலையில் சேர்ந்துவிட்டாராம். எந்தச் சனிக்கிழமை மாற்றலாம் என்று கேட்டார். பிரதியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்துவிட்டேன் என்றார். வருகிற சனிக்கிழமையே மாற்றுங்கள் என்று சொன்னேன்.