மல்வோலியோவை வெட்டாதீர்கள்

போன வாரம் ஒரு கல்லூரி நாடகத்துக்கு நடுவராகப் போயிருந்தேன். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு'. அவமானப்பட்டு, பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டிய மல்வோலியோ கடைசிக் காட்சியில் வரவே இல்லை. கேட்டால், "ஜாலியா முடியட்டும்னு எடுத்துட்டோம் சார்" என்கிறார்கள். இந்த வருடம் இது மூன்றாவது தடவை.

காமெடி என்றால் முடிவில் எல்லாரும் சிரித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? காமெடி கல்யாணத்தில் முடியும், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துபோகும் ஒரு பெரியப்பா இல்லாத கல்யாணம் உண்டா? 'ஆஸ் யூ லைக் இட்' முடிவில் ஜேக்விஸ் ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று கிளம்பிவிடுகிறார். 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வழக்கில் தோற்ற வட்டிக்கடைக்காரர் ஷைலாக் நாலாம் அங்கத்தோடு போய்விடுகிறார். ஐந்தாம் அங்கத்தின் நிலவொளியில் அவர் இல்லாததுதான் உறுத்துகிறது. எழுதியவருக்குத் தெரியாமலா இத்தனை பேர் முறைத்துக்கொண்டு போகிறார்கள்?

மல்வோலியோ வில்லனும் இல்லை. ஒலிவியா என்ற சீமாட்டியின் வீட்டுக் காரியஸ்தர். அண்ணனை இழந்து துக்கம் காக்கும் வீட்டில் அவளுடைய உறவினர் டோபியின் கூட்டம் நள்ளிரவில் குடித்துவிட்டுப் பாடினால் அதட்டுவது அவர் வேலை. ஆள் கர்வி, சரி. அதற்கு அந்தக் கூட்டம் தந்த தண்டனை: ஒலிவியா காதலிப்பதாகப் பொய்க் கடிதம், அதை நம்பி மாட்டிய மஞ்சள் காலுறை, இருட்டறை, பைத்தியப் பட்டம். அறை இருட்டு என்று அவர் கதற, பாதிரி வேஷத்தில் வீட்டுக் கோமாளி ஃபெஸ்டே "ஜன்னலெல்லாம் இருக்கிறதே" என்கிறான். சிரிப்பு அந்த இடத்தில் தொண்டையில் சிக்க வேண்டும்.

1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தில் இந்த நாடகத்தைப் பார்த்த சட்ட மாணவர் மேனிங்ஹாம் டைரியில் குறித்துவைத்தது காரியஸ்தரை ஏமாற்றிய கதையை. முதலாம் சார்லஸ் மன்னர் தன் பிரதியில் நாடகத் தலைப்பின் பக்கத்தில் எழுதியதும் 'மல்வோலியோ' என்றுதான். ஜோடிகளின் பெயரை அல்ல.

இன்னொன்று, அவரை வெட்டினால் கதையே ஓட்டையாகிவிடும். ஆண் வேஷத்தில் இருக்கும் நாயகி வயோலாவின் பெண் உடை இருப்பது கப்பல் தலைவனிடம். அவன் சிறையில் இருப்பது மல்வோலியோ போட்ட வழக்கால். அதனால்தான் வயோலாவை மணக்கப்போகும் பிரபு ஆர்சினோ அவரைச் சமாதானப்படுத்த ஆள் அனுப்புகிறான்.

வெட்டியே ஆகவேண்டுமா? டோபியின் கும்மாளத்தில் வெட்டுங்கள். "உங்கள் கூட்டத்தையே பழிவாங்குவேன்" என்ற வரியைக் கத்தாதீர்கள், தாழ்ந்த குரல் போதும். அவர் போன பிறகு மூன்று எண்ணுங்கள், அப்புறம் ஒலிவியா பேசட்டும்.

அன்டோனியோவையும் தயவுசெய்து மேடை மறைவுக்குள் அனுப்பாதீர்கள். வயோலாவின் இரட்டைச் சகோதரனான நண்பன் செபாஸ்டியனுக்காகப் பணப்பையைக் கொடுத்து, கைதாகி நிற்பவர். ஜோடிகள் சேரும்போது அவருக்கு வசனமே இல்லை. ஓரமாக நிற்கட்டும். ஃபெஸ்டே மழைப் பாட்டைத் தொடங்கும்வரை விளக்கை அவர்மேல் அணைக்க வேண்டாம்.