ஃபெரிட்டின்: தமிழில் இருப்புப் புரதம்

சுகர் உள்ளவருக்கு ரத்தம் குறைந்தால், டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைச் சீட்டில் 'சீரம் ஃபெரிட்டின்' என்று ஒரு வரி இருக்கும். லத்தீனில் இரும்புக்கு 'ஃபெர்ரம்' என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. செக் நாட்டு அறிவியலாளர் விலெம் லவுஃபெர்கர் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 24 சிறு துண்டுகள் கூடி அமைந்த, உள்ளே வெற்றிடமுள்ள உருண்டை அது. ஓர் உருண்டைக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். ஃபெரிட்டினின் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையின் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் கலந்து வரும் சிறு அளவைத்தான் பரிசோதனைக் கூடத்தில் அளக்கிறார்கள்.

தமிழில் இதை 'இரும்புச் சேமிப்புப் புரதம்' என்று சொல்லலாம். பொருள் சரிதான், ஆனால் நீளம். 'இருப்புப் புரதம்' என்பதே போதும் என்பது என் கருத்து. இரும்பு என்ற சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது 'இருப்பு' என்று மாறும்: இருப்புப் பாதை, இருப்புலக்கை. கையில் மிச்சமுள்ள சரக்குக்கும் இருப்பு என்றே பெயர். இரும்பும் கையிருப்பும் ஒரே சொல்லில் அமைவது தமிழுக்கு வாய்த்த வசதி. அதை விட்டுவிடக் கூடாது.

ஆனால் சுகர் உள்ளவர்களிடம் இந்தப் பெயரை அப்படியே நம்பிவிட முடியாது. ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பை மட்டும் காட்டுவதில்லை. உடம்பில் அழற்சி இருந்தாலும் ஏறும். அழல் என்றால் நெருப்பு. சுழல் சுழற்சி ஆனது போல அழல் அழற்சி ஆனது. (சித்த மருத்துவத்தில் அழல் என்பது பித்தத்தைக் குறிக்கும், அது வேறு.) காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிப்பது கண்ணுக்குத் தெரியும் அழற்சி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து அதை அணையவிடாமல் வைத்திருக்கிறது.

இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டினால் ஹெப்சிடின் சுரக்கிறது. 25 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய ஹார்மோன் இது. கல்லீரலில் உருவாவது, கிருமியைக் கொல்வது என்ற இரண்டையும் சேர்த்து 2001இல் வைத்த பெயர். கிருமி வளர இரும்பு வேண்டும். தொற்று வந்தால் அதன் கைக்கு எட்டாதபடி உடம்பு இரும்பை ஒளித்து வைக்கிறது. செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வழி ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதைப் பற்றி உள்ளே இழுத்து அழிக்கிறது என்பது 2004இல் தெரியவந்தது. கிடங்கு நிறைய மீன் இருந்தும் பூட்டுக்குச் சாவி இல்லாததால் சந்தைக்கு ஒரு கூடைகூட வராத நிலை. எலும்பு மஜ்ஜை புது ரத்த அணு செய்ய ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. அதில் சாப்பாட்டிலிருந்து சேர்வது 1, 2 மில்லிகிராம்தான். மீதி, பழைய ரத்த அணுக்களைச் சிதைத்து மீட்டெடுப்பது. அந்த மீட்பு வழியே அடைபடும்போது மாத்திரையும் முருங்கைக்கீரையும் எவ்வளவு ஈடுகட்டும்? குடலிலும் அதே ஹெப்சிடின் வழியை அடைத்திருக்கும்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்டார்: "இரும்பு நார்மல்னு போட்டிருக்கு தம்பி, பெறகு ஏன் ரத்தம் ஏற மாட்டேங்குது?" விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பாசி பறிக்கிறார்கள், ஆனாலும் பாறையும் சிப்பியும் காலைக் கீறிவிடுகின்றன. சுகர் உள்ளவருக்கு அந்தக் கீறல் லேசில் ஆறாது. ஆறாத புண்ணே ஃபெரிட்டினை ஏற்றிவிடும். கொழுப்புப் படிந்த கல்லீரலும் ஏற்றும். இவர்களிடம் 'நார்மல்' என்ற எண்ணுக்குப் பின்னால் உண்மையான இரும்புக் குறை மறைந்திருக்கலாம். அவருடைய கேள்வியில் துளியும் தவறில்லை. விடைதான் அந்த ஒற்றை வரியில் இல்லை.

இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரண்டு எல்லைகளை வைக்கிறது. நலமாக உள்ள பெரியவருக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறை. தொற்றோ அழற்சியோ இருப்பவருக்கு 70க்குக் கீழே இருந்தாலே குறை. 50 என்று வந்தால் ஒருவருக்குப் போதுமானது, இன்னொருவருக்குப் பற்றாக்குறை. கூடவே, அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைப் பார்த்தால் அழற்சி உண்டா என்பது தெரியும். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் நிறைவு விழுக்காடு, ரத்த ஓட்டத்தில் இரும்பு உண்மையில் எவ்வளவு போகிறது என்று காட்டும். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஃபெரிட்டின் நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடும். ஹெப்சிடின் சிறுநீரில் வெளியேறாமல் தேங்கும். ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினும் குறையும். அவர்களில் பலருக்கு மாத்திரை போதாமல் ஊசிவழி இரும்பு தேவைப்படுகிறது. நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் ரத்தசோகை வரும். அதையும் பார்த்துவிட வேண்டும். அதற்காகத் தாமாகக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆகாது. அளவு மீறிய இரும்பு, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களையே கெடுக்கும்.

இன்னொன்று: இரும்புக் குறை இருந்தால், சர்க்கரை ஏறாமலே மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவதற்கு முன், ரத்தம் குறைவு என்பதையும் காலில் புண் இருக்கிறது, போன வாரம் காய்ச்சல் இருந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.