பாய்ப்படகில் ஏறும் முன்: திருகோணமலைக் கடலில் ஒரு நாள்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், பகல் இரண்டு மணி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் ஆட்டோவில் வயதான அம்மா ஒருவரைக் கொண்டு வந்தார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பம். மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், எல்லாருடைய உடுப்பிலும் உப்புத்தண்ணீர். "கடல் ஒத்துக்கொள்ளேல்லை டொக்டர். ரெண்டு தரம் சத்தி எடுத்தா, பிறகு நித்திரையாப் போனா. இப்ப எழுப்பினாலும் எழும்புறா இல்லை" என்றார் மகள்.

அம்மாவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தொட்டால் குளிர்ந்த வியர்வை. வெறும் கடல் மயக்கத்திலும் வியர்க்கும்தான், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்க வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்த்தோம். இரத்தத்தில் சீனி 38, மிகக் குறைவு. லண்டன், கனடா மீட்டர்களில் இதே அளவு 2.1 என்று காட்டும். நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "கோயில் தாண்டிப் போட்டுதோ?"

நடந்தது இதுதான். காலையில் கோணேசர் கோயிலில் பூசை, அதனால் அம்மா விரதம். ஆனால் இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்ச் சீனிக் குளிசையை எடுத்துப் போட்டுவிட்டது. கிளிக்லசைட் என்ற வகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். பூசை முடிந்து நேராகப் படகு. படகில் ஏறியபின் சாப்பிடலாம் என்று வைத்திருந்தார்கள். கடல் ஆடத் தொடங்கியதும் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். குடித்த பிளேன்டீயும் வெளியே வந்துவிட்டது. யாரோ நல்ல மனதோடு இரண்டு சத்திக் குளிசை கொடுத்தார்கள். அந்தக் குளிசை நித்திரை வரவைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவர் கண்ணை மூடியபோது யாரும் பயப்படவில்லை.

நான் இதை எழுதுவதே இதற்காகத்தான். படகில் ஒருவருக்கு என்ன நடந்தாலும் அது கடல் மயக்கமாகத்தான் தெரியும். சீனி இறங்கினாலும் மயக்கம், தண்ணீர் வற்றினாலும் தலைச்சுற்று, தலையில் அடிபட்டாலும் சத்தி, மாரடைப்புக்கும் குமட்டலும் வியர்வையும்தான். பல தடவை அந்த வருத்தம் கடலில் தொடங்கியதாக இருக்காது. கரையிலிருந்து கூடவே ஏறி வந்திருக்கும்.

சரி, பயமுறுத்துவது என் நோக்கமில்லை. நானே வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பாயில் போகிறவன். இந்தக் கரையைக் கடலிலிருந்து பார்க்காதவர்கள் அதைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பேன். பாடல் பெற்ற கோணேசர் தலம், நூறு மீற்றருக்கும் மேல் செங்குத்தாக எழும் கோணமலைப் பாறை, அதன் உச்சியில் 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயில். பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கட்டிய கோட்டையைத்தான் இன்று பிரெட்றிக் கோட்டை என்கிறோம். தெற்கே திரும்பினால் கொட்டியாரக் குடா. 1660இல் புயலில் பாய்மரம் ஒடிந்த கப்பலைத் திருத்த வந்த இடத்தில் ஆங்கிலேயக் கடலோடி றொபேட் நொக்ஸ் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாகக் கிடந்தார். 1782 செப்டெம்பரில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பாய்க்கப்பல்களோடு மோதிக்கொண்டதும் இந்தக் கடலில்தான். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட துறைமுகமும் இதுவே. எஞ்சின் சத்தம் இல்லாமல், பாய் அசையும் ஓசையோடு இதைச் சுற்றி வருவது வேறு அனுபவம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோணமலைக்கு நேர் கீழே கடல் குழம்பும். வெளிக்கடலிலிருந்து வரும் அலை பாறையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு முட்டும். படகு ஒரு சீராக ஆடாமல் எல்லாப் பக்கமும் உதறும். எல்லாரும் போனை எடுத்துக் கழுத்தை நிமிர்த்திக் கோயிலைப் படம் பிடிப்பதும் சரியாக அந்த இடத்தில்தான். கண் ஒரு சிறிய திரையில், உள்காது உதறலில். இரண்டும் மூளைக்கு வேறு வேறு சேதி சொல்லும்போதுதான் குமட்டல் தொடங்குகிறது. அந்தப் பத்து நிமிடம் படம் எடுப்பதை இளையவர்களிடம் விட்டுவிட்டு, படகின் நடுவிலோ சற்றுப் பின்னாலோ இருந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில்தான் ஆட்டம் அதிகம். தலை சுற்றுகிறது என்று கீழே அறைக்குள் போய்ப் படுப்பது இன்னும் மோசமாக்கும். ஆங்கிலேயக் கடற்படையின் நெல்சனுக்கே கடைசிவரை இந்த வருத்தம் இருந்தது, ஆகவே சொல்ல வெட்கப்பட எதுவும் இல்லை.

சத்திக் குளிசை போடுவதென்றால் புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் குளிசையும் வெளியே வரும். எது, எத்தனை என்பதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். குறிப்பாக, நடுக்குவாத நோய் உள்ளவர்களுக்கு சினரிசின் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு புரோமெதசின் கூடாது. வயதான ஆண்களுக்கு இன்னொரு விஷயம். நித்திரை வரவைக்கும் இந்தப் பழைய வகைக் குளிசைகள், புரொஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். ஒரு ஐயா, எழுபத்தைந்து வயது, படகில் கழிவறை இல்லை என்று ஐந்து மணித்தியாலம் அடக்கி வைத்திருக்கிறார். அதற்கு மேல் மூன்று குளிசை. இரவு எட்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், குழாய் போட்டுத்தான் எடுத்தோம். கூட்டத்துக்கு முன்னால் கேட்க அவருக்குக் கூச்சம். படகை ஒழுங்கு செய்யும்போதே கழிவறை இருக்கிறதா என்று மகனோ மகளோ கேட்டிருந்தால் போதும். பெண்கள் இதே காரணத்துக்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். பிரஷருக்கு நீர் போக்கும் குளிசை எடுக்கிறவர்கள் அப்படிச் செய்தால், பின்னேரம் கரையில் இறங்கி எழுந்து நிற்கும்போது விழுவார்கள்.

தண்ணீர் என்றதும் கச்சான் காற்றைச் சொல்லாமல் விட முடியாது. கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் படியும் காலம், அதுதான் சுற்றுலாக் காலமும். அந்த மாதங்களில் மலைநாட்டைத் தாண்டி, மழையை அங்கேயே கொட்டிவிட்டு, சூடாகவும் வறண்டும் நம் பக்கம் இறங்கும் காற்றுத்தான் கச்சான். வியர்ப்பதே தெரியாது. வியர்த்த கணத்திலேயே காய்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே, நல்ல காத்து" என்று நாள் முழுக்க ஒரு போத்தல் தண்ணீரோடு இருந்துவிட்டு, மாலையில் தலையிடியோடு வருவார்கள். ஆளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் கொண்டு போங்கள். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே கடைப்பிடித்து, படகில் இருக்கும் நேரத்தைக் குறுக்கிக்கொள்ளட்டும்.

கச்சானுக்கு இன்னொரு குணம் உண்டு. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. ஆகவே கரையோரத்தில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி இருக்கும். அலை எழும்பக் காற்றுக்குத் தூரம் வேண்டும், கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லை. வெளியே போகப் போகத்தான் அலை வளரும். போகும்போது காற்று பின்னால் தள்ளும், ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். திரும்பும்போது காற்று முகத்தில். பாய்ப்படகு காற்றுக்கு எதிரே நேராக ஓடாது, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் வர வேண்டும். போன நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு எடுக்கலாம். "இன்னும் கொஞ்சம் வெளியில போவமே" என்று படகோட்டியை நெருக்குவது, பின்னேரம் கொழும்புக்கு வேனை ஒழுங்கு செய்துவிட்டு அவரை அவசரப்படுத்துவது, இரண்டும் வேண்டாம். தனிப்படகு எடுத்தவர்களிடம் இந்தப் பழக்கம் கூடுதல். காசு கொடுத்தோம், நாம் சொல்கிறபடி போகட்டும் என்ற எண்ணம். அந்தக் காலப் பாய்க்கப்பல்களில் தண்டையல், அதாவது கப்பலை நடத்துகிறவர், சொன்னதற்கு மறுபேச்சில்லை, முதலாளி கூடவே இருந்தாலும்கூட. திரும்புவோம் என்று படகோட்டி சொன்னால் திரும்புங்கள்.

கச்சான் வீசும்போது ரப்பர் வளையத்திலோ காற்றடைத்த மெத்தையிலோ பிள்ளைகளைக் கடலில் விடவே கூடாது. பெரியவர் நீந்திப் பிடிப்பதற்குள் அது போய்விடும். புறாத்தீவில் பவளம் பார்க்க இறங்குகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது, பவளத்தில் மிதிக்கவும் கூடாது. இறங்குவது எளிது, ஏறுவதுதான் பாடு. படகில் ஏணி இருக்கிறதா, அதன் கடைசிப் படி தண்ணீருக்குள் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். படி தண்ணீருக்கு மேலே நின்றால், களைத்த அறுபது வயதுக்காரரால் தன் உடம்பைத் தூக்க முடியாது.

உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாப் படகிலும் இருக்கிறது என்பார்கள். பிள்ளைக்கு அளவானது இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டுப் பட்டிகளை இறுக்கியபின், அங்கியின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி மட்டும் மேலேறிக் காதுவரை வந்தால் அது பெரிது. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை அதற்குள்ளிருந்து வழுகிவிடும். கால்களுக்கிடையே போகும் பட்டி உள்ளதென்றால் நல்லது.

பாயின் அடியில் கிடையாக ஒரு நீண்ட கட்டை இருக்கும், பூம் என்பார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது படகு சற்றுத் திரும்பினாலும் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துக்கொண்டு வரும். நிற்கிறவரின் தலை உயரம் அது. புறப்படும் முன்பே படகோட்டியிடம் எங்கே இருக்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று காட்டச் சொல்லுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, அதாவது வோபரின், அபிக்சபான், குளோப்பிடோகிறல் போன்றவை எடுக்கிறவருக்குத் தலையில் அடிபட்டால், அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். உள்ளே கசிவது வெளியே தெரியச் சில மணித்தியாலம் எடுக்கும்.

யாராவது தவறி விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள். ஒரே ஒருவர், விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாய்ப்படகு சுற்றித் திரும்ப நேரம் எடுக்கும். அதற்குள் ஒரு தலை அலைகளுக்கிடையே மறைந்துவிடும். தூக்கி எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். அதில் நேரம் போவதுதான் மிச்சம், வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 மூச்சு என்று தொடருங்கள். கரைக்கு வரும்போதே அம்புலன்ஸ் வந்து நிற்கும்படி 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். போன் எட்டாத தூரத்தில் படகின் வீஎச்எஃப் வானொலியில் 16ஆம் சனல்தான் அவசர அழைப்புக்கு. அது வேலை செய்கிறதா என்று கரையிலேயே கேளுங்கள். தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருப்பவர் தெளிந்துவிட்டதாகச் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் சில மணித்தியாலம் இருக்கட்டும்.

விரதக்காரருக்குத் திரும்பி வருகிறேன், எனக்கு அதிகம் மனம் உளைவது அங்கேதான். கோயிலும் கடலும் ஒரே நாளில் என்றால், சீனி வருத்தக்காரர் முதல் நாளே தன் வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். கிளிக்லசைட், கிளிமெப்பிரைட் போன்றவற்றைச் சாப்பாடு இல்லாமல் போடக் கூடாது. இன்சுலின் எடுக்கிறவர் தானாக நிறுத்தவும் கூடாது, அளவை வைத்தியர் மாற்றித் தருவார். சீனி மீட்டரைக் கையில் வைத்திருங்கள். படகில் யார் சோர்ந்தாலும், குழம்பிப் பேசினாலும் முதலில் விரலில் குத்துங்கள். 70க்குக் கீழே, அதாவது 4க்குக் கீழே என்றால், விழுங்கக்கூடியவருக்குக் குளுக்கோஸோ சீனித் தண்ணீரோ கொடுத்துவிட்டு, கால் மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உங்களிடம் உள்ள வருத்தங்களையும் மருந்துகளையும் ஒரு துண்டில் எழுதி, ஏறும் முன் படகோட்டியிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவருக்குக் கடல் தெரியும், உங்கள் உடம்பு தெரியாது.

அந்த அம்மாவை ஓர் இரவு வார்ட்டில் வைத்திருந்தோம், ஏனென்றால் இந்தக் குளிசையால் இறங்கிய சீனி ஏறியபின்னும் மறுபடி இறங்கும். கனடா திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மகள் போனில் கேட்டார், "அம்மா இன்னொருக்காப் போகவேணுமாம், விடலாமோ டொக்டர்?" காலையில் இடியப்பம், சொதி. குளிசையின் அளவைக் குறைத்துக் கொடுத்திருந்தேன். பாதி நாள் மட்டும், கோணமலையைச் சுற்றித் திரும்புவது. பின்னேரம் ஒரு படம் வந்தது. படகோட்டிக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் அங்கியோடு அம்மா, பின்னால் மலையும் கோபுரமும், மடியில் இரண்டு கதலி வாழைப்பழம், ஒன்று பாதி உரித்தபடி.