புகார் சொன்னவரின் ஒப்பந்தம் மட்டும் ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை?

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். நடக்காத பயிற்சி முகாமுக்குச் சாப்பாட்டு பில், வராதவர்களின் கையெழுத்துப் பட்டியல் என்று மோசடி நடந்த இடத்திலும் தாள்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். அந்த முகாம் நடக்கவே இல்லை என்பது அந்தக் கிராமத்துக் களப்பணியாளருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால்தான் எங்களுக்கே எங்கே தேட வேண்டும் என்று புரியும்.

அப்படிச் சொன்னவரை யாரும் உடனே வேலையை விட்டு நீக்குவதில்லை, அதற்கு அவசியமும் இல்லை. இந்தத் துறையில் பலருக்கும் வேலை புராஜெக்ட் ஒப்பந்தத்தில்தான். மார்ச் மாதம் வந்ததும் "ஃபண்ட் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். கூட வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த புராஜெக்டில் இடம் கிடைக்கும், இவருக்குக் கிடைக்காது. வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் அவர்கள் பழைய இயக்குநருக்குத்தான் போன் செய்து விசாரிப்பார்கள். இது அப்பட்டமான பழிவாங்கல். ஆனால் நிரூபிக்க ஒரு காகிதமும் இருக்காது.

சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் கொண்டுவந்த மத்தியச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. அதையும் அமலுக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவு புகார் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குவது பங்குச்சந்தையில் உள்ளவை, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிக் கடன் 50 கோடியைத் தாண்டியவை போன்ற கம்பெனிகளுக்குத்தான். டிரஸ்டும் சங்கமும் அதில் வராது.

குழந்தைகள் விஷயம் மட்டும் வேறு. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, பாலியல் குற்றம் பற்றி நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில், கிரிமினல் நடவடிக்கை எதுவும் வராது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால்தான் தண்டனை. காப்பகங்களில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேர்ந்த அன்றே இதைச் சொல்லித்தர வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் பாதுகாப்பை அறங்காவலர்கள்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பல டிரஸ்டுகளில் நிறுவனர், மனைவி, தம்பி என்று குடும்பமே குழுவாக இருக்கிறது. அங்கே புகார்ப் பெட்டி வைத்து என்ன பயன்? புகார் போய்ச் சேரும் இடம் அந்தக் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் இடமாற்றம், ஒப்பந்த நீட்டிப்பு பற்றிய முடிவை அடுத்த ஓராண்டுக்கு இயக்குநர் தனியாக எடுக்கக் கூடாது. நீட்டிக்காவிட்டால் காரணத்தைக் குழு எழுத்தில் பதிய வேண்டும்.

பெயரை மறைத்தால் மட்டும் போதாது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் குறிப்பிட்ட ஒரு வவுச்சரை மட்டும் நாங்கள் கேட்டால், யார் சொன்னது என்று மாலைக்குள் தெரிந்துவிடும். அதனால் அந்த மாதத்தின் எல்லா முகாம்களுக்கும், வேறு இரண்டு புராஜெக்டுகளுக்கும் சேர்த்தே கோப்புகளைக் கேட்போம். வேலை கூடும்தான், ஆனால் ஒருவரின் பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: தேதி, இடம், தொகையோடு எழுத்தில் கொடுங்கள், அலுவலக மின்னஞ்சலைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் நியமனக் கடிதம், ஒப்பந்தம், பணி மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களைப் புகாருக்கு முன்பே வீட்டில் எடுத்து வையுங்கள். பயனாளிகளின் ஆதார், மருத்துவ விவரங்களை வெளியே கொண்டுபோக வேண்டாம். உங்கள் மீது திருப்ப அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.