பந்து ஏன் கையை விட்டு நழுவுகிறது?

ஆடி மாதம் பாளையங்கோட்டையில் சாயங்காலம் கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இது தெரியும். முதல் பத்து நிமிடம் பந்து சொன்னபடி கேட்கும். அப்புறம் பாஸ் பிடிக்கும்போதே விரலை விட்டு நழுவும். மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கிவிட்டு வறண்டு வருகிற காற்று, செம்மண் தூசியைக் கோர்ட் முழுக்கத் தூவிவிட்டுப் போகிறது. நாமோ பந்து தேய்ந்துவிட்டது என்று நினைத்து மூலையில் போட்டுவிடுகிறோம்.

பிடிப்பு என்பது சொரசொரப்பு மட்டும் இல்லை. பந்தின் மேல்தோல் ரப்பராகவோ செயற்கைத் தோலாகவோ இருக்கும். இரண்டுமே வளைந்து கொடுப்பவை. விரல் அழுத்தும்போது அந்தத் தோல் கொஞ்சம் அமுங்கி, நம் ரேகைகளோடு நெருங்கிப் படிகிறது. எவ்வளவு இடம் நிஜமாகவே தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. நடுவில் தூசி புகுந்தால் விரல் தொடுவது பந்தை அல்ல, தூசியைத்தான். காய் வழுக்கி ஓட கேரம் போர்டில் பவுடர் தூவுகிறோமே, அதேதான்.

பந்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சின்னச் சின்ன மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் பழுப்பாக அப்பியிருக்கும். வண்டி டயரின் கோடுகள் மழைத்தண்ணீரை ஒதுக்குவது போல, வியர்வை ஒதுங்க வேண்டிய இடம் அது. கொஞ்சம் ஈரம் பிடிப்புக்கு நல்லது. பள்ளம் அடைத்துக்கொண்டால், அதே ஈரம் மேலேயே நின்று வழுக்கும்.

வியர்வை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. பட்டுத் தெரிந்துகொண்டது. 2006-ல் தோல் பந்தை மாற்றிச் செயற்கை இழைப் பந்தைக் கொண்டுவந்தார்கள். ஈரத்தில் வழுக்குகிறது, விரல் வெட்டுப்படுகிறது என்று வீரர்கள் புகார் சொல்ல, 2007 ஜனவரி 1 அன்று தோல் பந்தே திரும்பி வந்தது. நிஜத்தோல் வியர்வையை உறிஞ்சும்; ஆட ஆடத்தான் பதமாகும். ஆனால் அது மரத்தரைக்கான பந்து. நம் சிமெண்ட் தரை அதைச் சீக்கிரமே உரித்துவிடும். நமக்கு ரப்பர் பந்து போதும். புதுப் பந்தின் மேல் மினுமினுப்பு இருந்தால் சில நாள் நன்றாகத் தட்டி ஆடுங்கள், போய்விடும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம், மேடுகளும் சேர்ந்து போய்விடும்.

பந்துக்குள் அடைக்கும் காற்றும் பிடிப்பைக் கெடுக்கும். பெரும்பாலான பந்துகளில் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை என்று போட்டிருக்கும். காலையில் 25 டிகிரியில் 8 அடித்த பந்து, வெயிலில் கிடந்து 45 டிகிரிக்குச் சூடானால் உள்ளே ஏறக்குறைய 9.5 ஆகிவிடும். அவ்வளவு விறைத்த பந்து விரலுக்கு அமுங்காது; தொடும் இடம் குறையும். அதனால் ஆடப்போகும் நேரத்தில் காற்றைப் பாருங்கள். பம்ப் ஊசியை நனைத்துச் செருகினால் வால்வு கிழியாது.

தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் கையில் இருந்தால் கழுவிவிட்டு ஆடுங்கள். எண்ணெய்ப் படலம் தூசியையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வாளியில் முக்க வேண்டாம், மேல்தோலைத் துண்டுகளாக ஒட்டிய பந்தாக இருந்தால் பசை விட்டுவிடும். மூலையில் போட்ட அந்தப் பழைய பந்தையே முதலில் துடையுங்கள். துணி அலசிய தண்ணீர் எப்படிச் சிவக்கிறது என்று பாருங்கள்.