ரோக்லைக்: ஒருபோக ஆட்டம்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கோடை விடுமுறையில் வந்திருந்த அக்கா மகன் மடிக்கணினியில் ஹேட்ஸ் என்ற கணினி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் போராடினான். நாயகன் செத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பா கேட்டார்: "செத்துட்டா சேர்த்ததெல்லாம் போயிடுமாடா?"

"முக்காவாசி போயிடும் தாத்தா. கொஞ்சம் நிக்கும். அதை வச்சு அடுத்த தடவை பலமா இறங்கலாம்."

"அப்ப விதைநெல்லு மட்டும் மிஞ்சுதுன்னு சொல்லு."

ஆங்கிலத்தில் ரோக்லைக் எனப்படும் இந்த வகை ஆட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்று எனக்கு நெடுநாளாக ஒரு தேடல். அப்பா சொன்னதில்தான் வழி பிறந்தது.

ரோக்லைக் என்பது ரோக் என்ற ஆட்டத்தின் பெயரோடு, 'போன்ற' என்று பொருள்படும் ஒட்டைச் சேர்த்த சொல். ரோக்கை 1980 வாக்கில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரு மாணவர்கள் சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எழுதினார்கள். பின்னால் பெர்க்லியில் கென் ஆர்னால்டு சேர்ந்துகொண்டார். படம் கிடையாது, எழுத்துகள்தான். @ என்ற அட் குறி நாம். ஆங்கிலப் பேரெழுத்து 26ம் 26 அரக்கர்கள். அறையின் தரை வெறும் புள்ளிகள். பாதாளத்தில் தளம் தளமாக இறங்கி, யெண்டாரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். அறைகளையும் வழிகளையும் ஒவ்வொரு முறையும் நிரலே புதிதாக அமைக்கும். செத்தால் மறுபடி முதலிலிருந்துதான். பாதியில் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். ஆனால் திரும்ப வந்து திறந்ததும் அந்தச் சேமிப்புக் கோப்பு அழிந்துவிடும். செத்த பிறகு பழைய கோப்பைத் திறந்து தப்பிக்க வழியில்லை.

1983இல் பெர்க்லி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு சேர்ந்து ரோக் பல பல்கலைக்கழகங்களுக்குப் போனது. ரோக்கைப் பார்த்து மோரியா, ஹேக், 1987இல் நெட்ஹேக் என்று வரிசையாக வந்தன. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் தேவைப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற இணைய உரையாடல் குழுக்களில் ரோக்லைக் என்ற பெயர் நிலைத்தது.

ரோக் என்றால் போக்கிரி என்று அகராதி சொல்லும். இங்கே அது பொருந்தாது. அந்தக் காலத்துப் பாதாள ஆட்டங்களில் ஒரு குழுவே சேர்ந்து இறங்கும். இதில் நாம் தன்னந்தனியாக இறங்குகிறோம். பெயர் வந்தது அதனால்தான். கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரியும் யானைக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழி உண்டு. நாம் அதை ஒற்றை யானை என்போம். ஆக, இந்த ரோக் 'ஒற்றை'தான்.

ஒட்டுக்கு நேரான சொல் 'போலி'. அறம் அறன் ஆவதை இலக்கணத்தில் கடைப்போலி என்று படித்தோம். இன்றோ போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. ரோக்போலி என்றால் கள்ளப்பிரதி என்றுதான் காதில் விழும். எனவே பெயரைப் பெயர்ப்பதை விட்டுவிட்டு, ஆட்டத்தின் இயல்பிலிருந்து சொல் எடுப்பதே சரி.

இயல்பு எது என்பதில்தான் பெரிய சண்டை. 2008இல் ரோக்லைக் உருவாக்குநர்கள் பெர்லினில் கூடி ஒரு வரையறை எழுதினார்கள். நிரல் அமைக்கும் உலகம், மீளாச் சாவு, நாம் ஒருமுறை, அரக்கன் ஒருமுறை என்று முறைவைத்து நகர்தல், கட்டம் போட்ட தரை என்று அது நீளும். இவற்றில் சில இல்லாததாலேயே ஓர் ஆட்டத்தைத் தள்ளிவிட முடியாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டு வெளிவந்த ஸ்பெலங்கியில் முறைவைப்பு இல்லை, குதித்து ஓட வேண்டும். ஆனால் சுரங்கம் ஒவ்வொரு முறையும் புதிது, செத்தால் முதலிலிருந்து. 2024இல் வந்த பலாட்ரோவில் பாதாளமும் இல்லை, அரக்கனும் இல்லை, சீட்டுக்கட்டுதான். அதையும் மக்கள் இந்த வகையில் சேர்க்கிறார்கள். சேர்ப்பது சரி என்பதே என் கருத்து. கட்டமும் எழுத்தும் ரோக்கின் உடுப்பு. உயிர் இரண்டில் இருக்கிறது: உலகம் புதிது, இழப்பு முழுது.

'உலகம் புதிது' என்பதை எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. வாசலில் தினமும் அதே புள்ளி, அதே விதி, வேறு கோலம். 1974இலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். சில விதிகளிலிருந்து பல கோலங்கள் பிறக்கும். ரோக் செய்வதும் அந்த மாதிரி வேலைதான்.

இழப்புக்கு வருவோம். ஒருமுறை இறங்கிச் சாகும்வரை ஆடுவதை ஆட்டக்காரர்கள் ரன் என்கிறார்கள். அதற்கு எங்கள் சொல் போகம். குறுவை ஒரு போகம், சம்பா ஒரு போகம். மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா, மழை எப்போது கொட்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு போகத்துக்கும் வேறு. குறுவை மூழ்கினால் அந்த நெல் போனதுதான். அடுத்த நடவில் கைகொடுப்பது பட்டறிவு ஒன்றே. அதனால் ரோக்லைக் ஒருபோக ஆட்டம். போகம் வடசொல்லாயிற்றே என்பவர்களுக்குப் 'பூ' இருக்கிறது; இருபூ, முப்பூ என்று நிலத்தைச் சொல்வோமே, அந்தப் பூ. ஆனாலும் வாயில் இன்று புழங்குவது போகம், என் தேர்வு அதுவே. யாப்பில் வரும் கொச்சக ஒருபோகு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செத்த பிறகும் ஏதோ ஒன்று அடுத்ததற்கு வந்து நம்மைப் பலப்படுத்தினால் அது ரோக்லைட். 2013இல் வந்த ரோக் லெகசியில் வாரிசு பிறந்து, முன்னவர் சேர்த்த பொன்னைச் செலவழித்து மாளிகையை விரிவாக்குவார். ஹேட்ஸும் இந்த இனம். இவற்றை விதைநெல் ஆட்டம் என்று அழைக்கலாம். அப்பா கொடுத்த பெயர்.

டியாப்ளோ என்ற பாதாள ஆட்டத்தின் தளங்களும் தானாக அமைபவைதான். ஆனால் முதல் டியாப்ளோவைத் தனியாக ஆடினால், செத்ததும் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். ஆகவே அது இதில் சேராது. டியாப்ளோ இரண்டில் மீளாச் சாவுக்கென்று இருக்கும் கடும்முறையில் ஆடினால், பக்கத்து வயல்வரை வருகிறது எனலாம்.

மருமகனுக்குச் சொற்கள் பிடித்துவிட்டன. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் இரவு நெட்ஹேக்கில் மாட்டிக்கொண்டு செய்தி அனுப்பினான்: "இந்தப் போகம் சாவி மாமா." பால் பிடிக்காமல் பதராய்ப் போன கதிரைச் சொல்லும் சொல்லை அவன் தாத்தாவிடம் கேட்டிருக்கிறான்.